வெயில் என்று சொல்லவில்லை

கல்யாணமாகி மணலி புதுநகருக்குப் போன முதல் காலையிலேயே, வாசல் கதவைத் திறந்ததும் மூன்று முறை தும்மினேன். மறுநாளும் மூன்று. அதற்கடுத்த நாள் என் மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "காத்து ஒத்துக்கல" என்றார். சுற்றிலும் ஆலைகள் நிற்கும் ஊரில் தும்மலுக்கு வேறு காரணம் யாரும் தேடுவதில்லை. நானும் தேடவில்லை.

உண்மையில் எனக்கு அந்தத் தும்மல் பிடிக்கும். இருட்டான கூடத்திலிருந்து வெளியே கால் வைத்ததும் எல்லாம் ஒரு கணம் வெளுத்துப்போகும். எதிர்வீட்டுச் சுவர், கொடியில் தொங்கும் சட்டைகள், தெருமுனையில் நிற்கும் டேங்கர் லாரி எல்லாம் பாலில் கரைவது போலிருக்கும். மூக்கின் உள்ளே ஏதோ மெல்ல ஊர்ந்து ஏறும். நான் எந்த வீட்டில் நிற்கிறேன் என்பதுகூட அப்போது நினைவிருக்காது. தும்மி முடித்துக் கண்ணைத் திறந்தால் தெரு பழையபடி இருக்கும், கொஞ்சம் ஈரமாக.

என் கணவருக்குத்தான் கவலை. பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சைக்கிளில் பத்து நிமிடம். மதியம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

"இன்னாம்மே, டெய்லி இப்டி தும்மிகினு கீறியே, நெஞ்சு இன்னாத்துக்கு ஆவும்?" என்பார். ஜன்னல்களை எல்லாம் சாத்தி வைத்தார். வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொன்னார். கடைசியில் லீவு நாட்களில் சட்டையை மாட்டிக்கொண்டு வேறு பகுதியில் வீடு தேடக் கிளம்பினார்.

அந்தச் சமயத்தில் காலடிப்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தலைவலி என்று பக்கத்துக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். இருட்டறையில் உட்காரவைத்து ஒரு பெண் கண்ணைப் பரிசோதித்தாள். முடிந்து வாசலுக்கு வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. மூன்று தும்மல்.

"அக்கா, உங்களுக்கு வெயில் பட்டா தும்மல் வருமா?" என்று உள்ளிருந்து கேட்டாள் அந்தப் பெண்.

"மணலி காத்தும்மா. ஒத்துக்கல."

"மணலி காத்து இங்க எப்டிக்கா வந்துச்சு?" என்று சிரித்தாள். "இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு வந்ததும்தானே தும்முனீங்க. கொஞ்ச பேருக்கு இப்டி இருக்கும். கண்ணுல சட்டுனு வெளிச்சம் பட்டா, மூக்குலதான் என்னமோ உறுத்துதுன்னு மூளை தப்பா எடுத்துக்குது. ரெண்டோட நரம்பும் பக்கத்துல பக்கத்துல போறதால இருக்கலாம்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியல. வியாதி எல்லாம் இல்லக்கா. வூட்ல வேற யாருக்காவது இருக்கான்னு கேட்டுப் பாருங்க."

அம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பா டூட்டிக்குப் போக வாசப்படி எறங்குனாலே தும்முவாரு. நான் தூசின்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள்.

மணலிக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் வழியே சூரியனைப் பார்ப்பதும் கண்ணை மூடுவதுமாக வந்தேன். மூடிய இமைக்குள் எல்லாம் செம்பருத்திச் சிவப்பு. இவ்வளவு தூரத்திலிருந்து வந்து என் மூக்கைத் தொட்டுவிட்டுப் போகிறதே என்று சிரிப்பாக இருந்தது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். "வூடு கெட்ச்சிட்ச்சு. ராயபுரம், மூணாவது மாடி. ஜன்னலத் தொறந்தா கடலு!"

காலடிப்பேட்டையில் வளர்ந்தவளுக்குக் கடல் என்பது இரவில் கேட்கும் சத்தம். பார்க்கப் போனால் கரையெங்கும் அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகள். படுத்த இடத்திலிருந்தே கடலைப் பார்க்கும் வீடு ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளை, அதற்கடுத்த நாள் என்று போய், பாத்திரங்களைச் சாக்கில் கட்டும் நாளும் வந்துவிட்டது. மாமியார் பெரிய மகனோடு அங்கேயே இருந்துகொண்டார்.

புது வீட்டின் முதல் விடியலில் கிழக்கு ஜன்னலைத் திறந்தேன். துறைமுகத்துக் கிரேன்கள் கழுத்தை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. கடல் முழுக்க வெயில், தகரத்தை உருக்கி ஊற்றியது மாதிரி. வாயைப் பிளந்து நின்றவள் தும்ம ஆரம்பித்தேன். ஐந்து முறை.

வாயில் பிரஷ்ஷோடு அவர் ஓடிவந்தார். "இங்கயுமா?"

அன்று சொல்லிவிட்டேன், கண்ணாடிக் கடை, வெயில், அப்பா எல்லாம். பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றார்.

"எப்போ தெரியும் ஒனக்கு?"

"நீ வூடு கெட்ச்சிட்ச்சுன்னு சொன்ன அன்னிக்கே, மாமா."

"ஏன் சொல்லல?"

"கடலு பாக்கணும்னு இருந்துச்சு."

வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். இப்போது அவருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மதியச் சோறு டிபன் பாக்ஸில் ஆறிப்போயிருக்கும். அன்று பகல் முழுவதும் நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. இரவு அவர் அளவாகத்தான் பேசினார். மறுநாள் காலை செருப்பை மாட்டும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"கடலுதான் வோணும்னு சொல்லிருந்தா, அதுக்கே வந்திருப்பேனே. காத்துக்கு பயந்துகினு ராவெல்லாம் முழிச்சிகினு கெடந்தேன், தெரியுமா?"

அவர் முழித்துக்கொண்டு கிடந்தது எனக்குத் தெரியாது. அழுதேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முதல் பஸ்ஸை விட்டுவிட்டார்.

வீட்டை மாற்றலாமா என்று பிறகு நானே கேட்டேன். வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மணலிக்குப் போவோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நான் தும்மினால், "பாத்தியா, இங்க வந்ததுமே ஆரம்பிச்சிட்ச்சு" என்பார், நிறுத்தத்துக்கே வந்து நிற்கும் மாமியார். "வெயிலும்மா அது" என்று இவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். மாமியார் நம்புவதாயில்லை. எனக்காக ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பாயை விரித்துப் படுக்கச் சொல்வார். அந்த மங்கலான அறையில், மின்விசிறியின் சத்தத்தில், நாங்கள் மூவரும் சாயங்காலம் வரை தூங்குவோம்.