பனங்கையோடு வந்த விருந்தாளி

சேலத்தில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்தில், வெளியூர்ப் பெண்கள் எல்லோரும் பள்ளிக்கு அடுத்த தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் தங்கியிருந்தோம். அதை விடுதி என்று நாங்கள் சொன்னதில்லை. புதிதாக வருகிறவளுக்கு முன்வருஷத்துப் பெண் ஒருத்தி தலை பின்னிவிடுவாள், அழுதால் கூட உட்கார்ந்திருப்பாள். அதனால் எங்களுக்கு அது ‘அக்கா வீடு’.

படிப்பு முடிந்து நான் சங்ககிரியில் டீச்சராக இருந்தபோது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அக்கா வீட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட விடுதி அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்துக் கூரை இறங்கிவிட்டதாம். மழைக்கு முன்னால் சரிசெய்யாவிட்டால் பெண்களை ஊருக்கு அனுப்பிவிடும்படி பள்ளியில் சொல்லிவிட்டார்களாம்.

என்னோடு படித்த தோழி இளம்பிள்ளையில் டீச்சராக இருந்தாள். அவளிடம் படிக்கிற பிள்ளைகளின் வீட்டார் ஓடும் சுண்ணாம்பும் தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். மரம்தான் கிடைக்கவில்லை. யுத்தத்தில் மரமெல்லாம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. திருச்செங்கோட்டுச் சாலையில் ஒரு பண்ணையக்காரர் முற்றிய பனைகளை வெட்டி, கூரைக்கான பனங்கைகளாக அறுத்து அடுக்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, நாங்கள் இருவரும் போனோம்.

அவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

“பொட்டப் புள்ளைங்க ஊட்டை உட்டுப்போட்டு எங்கியோ போயித் தங்கறதுக்கு நானு மரம் குடுத்தா நல்லாருக்குமுங்களா?”

அதற்குள் மோர் கொண்டுவந்த அவர் மனைவி என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங் அம்மிணி, அங்க ஆரு பொங்கிப் போடறாங்க?”

“முறை வெச்சு நாங்களேதானுங்க.”

“பொங்கித் தின்னுபோட்டு?”

“படிப்போம், பாடுவோம், தாயம் ஆடுவோமுங்க.”

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு புருஷனிடம், “நானு ஒருக்கா போயிப் பாத்துப்போட்டு வாரனுங்க. பாத்தாத்தானே குடுக்கலாமா வேண்டாமான்னு தெரியும்?” என்றார். எங்கள் முன்னால் மறுக்க முடியாமல் அவர் தலையசைத்தார்.

“வெறும் வண்டி எதுக்குங்க போவோணும்? பனங்கையையும் ஏத்திப்போடலாம். புடிக்கலீன்னா திருப்பிக் கொண்டாந்தரலாமுங்க” என்றார் அந்த அம்மாள்.

அப்படித்தான் லீவு போட்டுவந்த என்னோடு அந்த அம்மாள் பனங்கை வண்டியின் மேல் உட்கார்ந்து சேலத்துக்கு வந்தார். வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், வண்டிக்காரரிடம் மரத்தை இறக்கச் சொன்னார். காலையில் தச்சர்களுக்குக் களி கிண்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்களோடு தாயம் ஆடினார். ஆட்டம் முடிந்து அங்கேயே தரையில் படுத்து அயர்ந்து தூங்கினார். எழுந்தபோது அவர் முகத்தில் வெட்கம்.

“கண்ணாலமாயி வந்த நாள்ல இருந்து பகல்ல கண்ணசந்ததே இல்லீங் அம்மிணி.”

இரண்டு நாளில் திரும்புவதாகச் சொன்னவர் ஒரு வாரமாகியும் போகவில்லை. பண்ணையக்காரரே தேடி வந்துவிட்டார். பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு வைத்து ஓட்டுகிற பஸ்ஸில் வந்ததால் வெள்ளை வேட்டி முழுக்கக் கரி. விடுதி அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

“ஆம்பளைங்க யாரும் இந்தப் படியைத் தாண்டக் கூடாதுங்க ஐயா.”

“தச்சனுங்க உள்ளார இருக்கறாங்களே?”

“அவங்க வேலை செய்யறாங்க.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. “வேலை முடியட்டுமுங்க, வாரேன்!”

பண்ணையக்காரர் சட்டையைக் கழற்றி விடுதி அம்மாவிடமே கொடுத்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, “அப்ப நானும் வேலை செய்யறனுங்க” என்று உள்ளே போய் ஏணியில் ஏறிவிட்டார். விடுதி அம்மா சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன்.

மேலே போனவர் நடு உத்தரமும் உளுத்துப்போயிருப்பதைக் கண்டு சத்தம் போட்டார். “இதும்மேல ஓட்டை அடுக்கிப்போட்டு, புள்ளைங்களைக் கீழ உக்கார வெப்பீங்களா?” மறுநாளே ஆள் அனுப்பினார்; ஊரிலிருந்து இன்னொரு வண்டியில் புது உத்தரம் வந்தது. கூரை மூடும்வரை புருஷனும் பெண்டாட்டியும் ஊர் திரும்பவில்லை. அவருக்கு மட்டும் எதிர்வீட்டில் படுக்கை.

மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. பள்ளியிலும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பண்ணையக்காரர் தன் தம்பி மகளை அழைத்துவந்து அங்கே சேர்த்தார்.

ஆண்டுதோறும் கடலைக்காய் பிடுங்கி முடிந்ததும் அந்த அம்மாள் ஒரு மூட்டையோடு வந்து நாலைந்து நாள் தங்கிப் போவார். கணவர் அவரை வாசலில் இறக்கிவிட்டு, தெருவில் நின்றபடியே கூரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்ப்பார். ஒரு ஓடாவது நகர்ந்திருந்தால் விடுதி அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.