குங்குமப் பொட்டு வைத்த தேதிகள்

பூமாலை அக்காவை நான் முதலில் பார்த்தது, கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் எடைமேடை அறையில். மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் லாரிகளை எடைபோட்டுச் சீட்டு எழுதுவது அவர் வேலை. நான் கொள்முதல் பிரிவில் உதவியாளன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அம்மா இன்றும் கரும்பு வெட்டப் போகிறார். அந்தப் பெருமையில், சேர்ந்த அன்றே பெயருக்குப் பின்னால் பி.காம். போட்டு ஒரு பலகை எழுதி எடுத்துப் போயிருந்தேன். உட்கார எனக்கு இன்னும் இடமே ஒதுக்கவில்லை. அக்கா பலகையை வாங்கிப் படித்தார்.

"போர்டு வந்துடுச்சி. சேர் எப்ப வரும் தம்பி?"

அறையிலிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மத்தியானம் தன் சோற்றில் பாதியை எனக்குப் போட்டவரும் அவர்தான்.

அக்கா எட்டாவதோடு நின்றவர். வடக்கனந்தலில் வீடு. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கெல்லாம் லீவு. அவர் மட்டும் காலையில் வெள்ளிமலை பஸ் ஏறிவிடுவார். மலையில் ஊர் ஊராக நடந்து, யார் எந்த மாதம் கிழங்கு நட்டார்கள், எப்போது பிடுங்குவார்கள், மழை பெய்தால் எந்தப் பாதையில் லாரி இறங்காது என்றெல்லாம் விசாரிப்பார். திங்கட்கிழமை வந்ததும் எடைமேடை அறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பொடி எழுத்தில் குறித்துவைப்பார். பிடுங்கிய கிழங்கை மறுநாளுக்குள் அரைக்காவிட்டால் கறுத்துப்போகும். எந்த ஊரில் எந்த நாள் கிழங்கு கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் ஆலை நிற்காமல் ஓடும்.

இதை அவர் சும்மா செய்யவில்லை. மலைக் கொள்முதலுக்குத் தனியாக ஒரு மேற்பார்வையாளர் போடப்போவதாக முதலாளி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேலை தனக்கு வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது. அந்த 'பார்க்கலாம்' ஒன்றை நம்பி இரண்டு வருடம் தயாரானார். நாற்பத்திரண்டு வயதில் வண்டி ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தார். மலை மழைக்கென்று ஒரு ரெயின்கோட் கூட வாங்கி வைத்திருந்தார்.

பொங்கல் முடிந்ததும் ஆள் போடுவேன் என்று முதலாளி அறிவித்தார். ஆளுக்கொரு திட்டம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு அக்கா மலையில் இருந்தபோது, நான் அந்தக் காலண்டரைப் பக்கம் பக்கமாக செல்போனில் படம் எடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து எக்செல்லில் அடித்து, ஊருக்கு ஒரு நிறம் கொடுத்து, கீழே என் பெயரையும் பட்டத்தையும் போட்டேன். அக்கா கம்ப்யூட்டர் தெரியாதவர், நான் ஒழுங்குபடுத்தித் தருகிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில தேதிகளில் எழுத்து எதுவும் இல்லாமல் குங்குமப் பொட்டு மட்டும் இருந்தது. சாமி கும்பிடும் நாளாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் தாளை முதலாளி புரட்டிப் பார்த்து, படித்த பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். அக்கா அப்போது எடைச்சீட்டுகளுடன் வாசலில் நின்றிருந்தார். மேசைமேல் கிடந்த தாளை ஒரு நிமிடம் பார்த்தார். அக்கா எழுதி வைத்திருந்த தாளை முதலாளி வாங்கவே இல்லை. வேலை எனக்குக் கிடைத்தது. மறுநாளிலிருந்து அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை, சார் என்றார்.

மாசி மாதம், என் தாளின்படி கொளஞ்சியப்பன் ஊருக்கு ஐந்து லாரி அனுப்பினேன். அவர் மலையில் பெரிய அளவில் மரவள்ளி போடுபவர். ஐந்தும் காலியாகத் திரும்பின. வேறு ஊரில் கிழங்குக்குச் சொல்லிவைத்திருக்கவும் இல்லை. ஆலை இரண்டு நாள் நின்றது. மலைக்காரர்கள் தருகிறோம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். பிறகு எடைமேடை அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே ஆரம்பித்தார்.

"பொட்டு வெச்ச தேதியில அந்த ஊர்ல காப்பு கட்டுவாங்க சார். அன்னிலேர்ந்து திருவிழா முடியறவரைக்கும் ஒருத்தரும் மண்ணுல கடப்பாரை போட மாட்டாங்க. உங்க பேப்பர்ல பொட்ட மட்டும் வுட்டுட்டீங்களேன்னு அன்னிக்கே பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"கேட்டு எடுத்துக்கினு போயிருந்தா சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு அடுத்த லாரிக்குச் சீட்டு எழுதப் போய்விட்டார்.

திருவிழா முடிந்ததும் கொளஞ்சியப்பன் மலையிலிருந்து இறங்கி வந்தார். ஏமாற்றுக்காரர் என்று நான் சொன்னது டிரைவர்கள் மூலம் அவர் காதுக்குப் போயிருந்தது. முதலாளி அறையில், உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார்.

"காப்புத் தேதிய பொங்கலுக்கு முன்னாடியே அந்தம்மாகிட்ட சொல்லி அனுப்பினோங்க. நாங்க இன்னா ஏமாத்தினோம்?"

முதலாளி என்னைப் பார்த்தார். அக்காவையும் வரவழைத்திருந்தார்கள், எனக்கு இரண்டு அடி தள்ளி நின்றிருந்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

"எனக்கு யாரும் சொல்லல சார்" என்றேன்.

அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எடைமேடையிலிருப்பவர் இனி இதையெல்லாம் கொள்முதல் பிரிவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று முதலாளி அவரைத்தான் கண்டித்தார். கொளஞ்சியப்பன் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த மாதக் கடைசியில் அக்கா வேலையை விட்டார். காலண்டரைச் சுருட்டி ரெயின்கோட்டுக்குள் வைத்து எடுத்துப் போனார். ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது.

முதலாளியிடம் நான் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அக்கா கேட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பூமாலை அக்கா இப்போது சின்னசேலம் பக்கம் வேறொரு சேகோ ஆலையில் மலைக் கொள்முதல் மேற்பார்வையாளர். கொளஞ்சியப்பன் ஊர்க் கிழங்கு முழுவதும் அங்கேதான் போகிறது.