காற்று புகாத வாத்து வீடு

வாத்துக்கு வீடு செய்து தரச் சொன்னால் பீரோ செய்து நிறுத்துகிற மனிதரிடம் யாருக்குத்தான் கோபம் வராது? லாண்டரி அக்காவுக்கு வந்தது. வந்ததில் தப்பே இல்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் என்று பேச நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டரியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். உலர்த்தும் மெஷினிலிருந்து வரும் விரிப்பை உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாள். "இது காயல" என்றால் அது மறுபடியும் உள்ளே போகும், ஆபரேஷன் தியேட்டரில் யார் காத்துக்கிடந்தாலும் சரி. அரைகுறை ஈரத்தோடு மூடி வைத்தால் ஒரே ராத்திரியில் என்ன நாற்றம் நாறும் என்பது அவளுக்கு அத்துப்படி. அங்கே அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வீட்டுக்கு வந்தால் அதே பேச்சுக்குக் கால் காசு மதிப்பு இல்லை.

வீட்டுக்காரர் தச்சர். அலமாரி செய்வதில் சூரர். அவர் செய்த கதவை மூடினால் இடுக்கில் ஒரு முடிகூட நுழையாது. அதனால் 'முடி நுழையா மேஸ்திரி' என்று பட்டப்பெயர். யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், மனுஷனுக்குத் தலைகால் புரியாது.

கொல்லையில் அவள் போட்ட கீரையை நத்தைகள் ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தன. வாத்து விட்டால் நத்தை ஒழியும் என்று கூட வேலை செய்கிறவள் சொல்ல, அக்கா பத்துக் குஞ்சுகள் வாங்கி வந்தாள். மூன்று வாரம் சமையலறை மூலையில் அட்டைப்பெட்டி, மேலே குண்டு பல்பு. குடிக்கிற தண்ணீரில் மூக்கு முழுக முக்கி எடுத்தால்தான் வாத்துக்குத் திருப்தி. அப்புறம் பெட்டிக்குள் வெள்ளம்தான். காலையும் மாலையும் நனைந்த மரச்சீவலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பரப்பினாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் பத்தும் சேர்ந்து கத்தும். "வந்துட்டேன்டி, வந்துட்டேன். ஏன் மானத்த வாங்குறீங்க?" என்பாள். பிள்ளைகள் வேலைக்கென்று ஆளுக்கொரு திசையாகப் போன வீட்டில் அவளை எதிர்பார்த்துக் கத்துவதற்கு வேறு யார் இருந்தார்கள்?

நான்காவது வாரம் பெட்டி போதவில்லை. மேஸ்திரியிடம் கேட்டாள். அவரும் ஆசையாகத்தான் ஆரம்பித்தார். அதுதான் வினை. நல்ல ப்ளைவுட், உள்ளும் புறமும் மைக்கா, மூலைக்கு மூலை இடுக்கை அடைக்கும் பட்டி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை.

"ஏங்க, காத்து போக வர வழி எங்க?" என்று கேட்டாள் அவள், அவர் பட்டி பூசிக்கொண்டிருக்கும்போதே.

"ஓட்ட வெச்சா எலியும் பூனையும் வரும்."

"கீழ வேணாங்க. மேல, கூரைக்குக் கீழ வரிசையா ஓட்ட போட்டுக் கம்பி வலை அடிச்சிடுங்க. வாத்து தண்ணியக் கொட்டிக்கிட்டே இருக்குற ஜாதி. ராத்திரி பூரா அதுங்க மூச்சுலயே உள்ள ஈரம் கட்டும்."

"நான் செஞ்ச பெட்டியில ஓட்டையா? ஊரே சிரிக்கும். நீ போய் துணி மடி."

துணி மடி! அவள் உள்ளே போய்த் துணியை மடித்தாள். இருபத்தாறு வருடப் பழக்கம்.

தெருவே வந்து பார்த்தது. "மேஸ்திரி, மாடி போட்டு வாடகைக்கு விடுவீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். பகலில் குஞ்சுகள் கொல்லையில் மேய்ந்தன. பொழுது சாய்ந்ததும் அக்கா ஒரு குச்சியை நீட்டிப் பிடித்து மெல்ல ஓட்டி உள்ளே விட்டாள். கதவு 'ப்ளக்' என்று ஒட்டிக்கொண்டது.

முதல் காலையே சீவல் ஈரமாக இருந்தது. சொன்னாள். "புது மரம், அப்படித்தான்" என்றார். இரண்டாம் காலை நெடி மூக்கைத் துளைத்தது. சொன்னாள். "வாத்துன்னா நாறத்தான் செய்யும்." மூன்றாம் காலை கதவைத் திறந்ததும் கொதிக்கிற பானையைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடித்தது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. சுவரெல்லாம் வியர்வை. குஞ்சுகள் தொப்பலாக, கண்ணைத் திறக்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி வெயிலில் வைத்தாள். எட்டு எழுந்து நின்றன. இரண்டு எழவில்லை.

மேஸ்திரி வந்து குனிந்தார். குஞ்சைப் பார்க்கவா? கதவோரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஐயோ, ப்ளைவுட்டு உப்பிடுச்சே!" என்றார்.

அக்கா அவர் விரலைக் கதவிலிருந்து தட்டிவிட்டாள். "ரெண்டு உசிரு போயிருக்கு. உங்களுக்குப் பலகதான் கண்ணுல படுதா?"

"வாங்குன எடத்துல சீக்குக் குஞ்சக் குடுத்துட்டான். நான் என்ன பண்ணுவேன்? சாயங்காலம் வந்து உள்ள வார்னிஷ் அடிக்கிறேன், சரியாயிடும்." சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

செத்த இரண்டையும் அவளே புதைத்தாள். மற்ற எட்டும் வெயிலில் இறகு காய்ந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கின. ஒரு குஞ்சு தண்ணீர்த் தொட்டி விளிம்பிலிருந்து நத்தையைப் பிடுங்கியது, மற்ற ஏழும் பங்கு கேட்டுத் துரத்தின. பொழுது சாய்ந்தால் இந்த எட்டையும் மறுபடி அதே பெட்டிக்குள் தள்ள வேண்டும். அதை நினைத்ததும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து லீவு சொன்னாள்.

மேஸ்திரியின் கருவிகளை வீட்டில் யாரும் தொட்டது கிடையாது. தொட்டால் வீடு ரெண்டுபடும். படட்டும் என்று பட்டறை அலமாரியைத் திறந்தாள். கதவில் பூட்டுப் பொருத்த வட்டமாக வெட்டும் பிளேடை டிரில் மெஷினில் மாட்டினாள். முதல் ஓட்டையில் மெஷின் துள்ளி மைக்காவில் நீளமாகக் கீறியது. "கீறு. நல்லாக் கீறு" என்றாள். துணி மடி என்ற பேச்சுக்கு ஒரு ஓட்டை, வார்னிஷ் என்ற பேச்சுக்கு ஒரு ஓட்டை. கூரைக்குக் கீழே நாலு பக்கமும் சேர்த்து இருபத்திரண்டு. ஒன்றும் ஒரு வரிசையில் இல்லை. அவற்றின் மேல் சின்னக் கண் கம்பி வலையை வைத்து ஆணியடித்தாள். நனைந்த சீவலை வாரிக் கொட்டி, கதவை விரியத் திறந்து வைத்தாள். உள்ளே கையை நீட்டிச் சுவரைத் தடவினாள். மூன்று மணிக்குக் காய்ந்திருந்தது.

நாலரை மணிக்கு மேஸ்திரி மருந்துக்கடைக்காரரோடு வந்தார். கடைக்காரர் வீட்டில் ஐந்து வாத்து. இதேபோல ஒரு பெட்டி வேண்டுமாம். பெட்டியைக் கண்டதும் மேஸ்திரியின் முகம் கறுத்தது.

"மேல என்ன மேஸ்திரி இவ்வளவு ஓட்ட?" என்றார் கடைக்காரர்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "அது... காத்தோட்டத்துக்கு. வாத்துக்கு ஈரம் ஆகாது பாருங்க. அதான் நானே போட்டேன்."

அக்கா கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள். சாகடித்ததைக்கூடப் பொறுத்திருப்பாளோ என்னவோ. இதைப் பொறுக்க முடியவில்லை.

"பொய். இத போட்டது நான். இவர் அடைச்சு வெச்சதுல ரெண்டு குஞ்சு காலையில செத்துப்போச்சு."

"ஏய், உள்ள போ" என்றார் மேஸ்திரி.

"போக மாட்டேன். அவரு வீட்டு வாத்தும் சாகவா? ஓட்ட வைக்கணும்னு நான் எப்ப சொன்னேன்? அத அவருகிட்ட சொல்லுங்க."

கடைக்காரர் பெட்டியை அளக்க எடுத்த டேப்பை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேஸ்திரி கோணல் ஓட்டைகளைப் பார்த்தார். கீறிய மைக்காவைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"எப்ப சொன்னேன்?" என்றாள் மறுபடியும்.

"செய்யும்போதே சொன்னா" என்றார் மேஸ்திரி கடைக்காரரிடம், வாய்க்குள்ளேயே.

"அவருக்குக் கேக்கல" என்றாள் அக்கா. "சத்தமா சொல்லுங்க."