உளுந்துக் களத்தில் ஒரு பைக்

போன வருஷம் பங்குனியில், சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற சாலையில் நடந்தது இது. அப்போது எனக்கு ஐம்பதை ஒட்டிய வயது. என் பைக்குக்கு ஆறு மாதம். ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்கும் அதே ஆறு மாதம்தான்.

இந்த வயதில் முதல் பைக்கா என்று நீங்கள் கேட்பீர்கள். கடலூரில் எங்கள் தெருவே கேட்டது. அதுவரை நான் பின்சீட்டு மனிதன். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, பல வருஷமாக ஸ்கூட்டி ஓட்டுகிறவள். காலையில் என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். இரண்டு சாப்பாட்டுப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் அவள் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டவர்கள் எங்கள் பகுதியில் உண்டு.

அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவள் அவ்வளவு அலுங்காமல் ஓட்டுவாள். பின்னால் உட்கார்ந்து புத்தகம்கூடப் படித்திருக்கிறேன். ஆனால் ஒரே ஓர் ஆசை மட்டும் உள்ளே கிடந்தது. அவள் பிறந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அங்கே டவுன் பஸ்ஸில்தான் போய் இறங்கியிருக்கிறேன், அதுவும் பெரும்பாலும் படியில் தொங்கியபடி. ஒரே ஒரு தடவை நான் ஓட்ட, அவள் பின்னால் உட்கார, அவள் பிறந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

அதற்காகத்தான் அந்தச் சின்ன நூறு சிசி வண்டியை வாங்கினேன். கடைக்காரர் அதை ‘ஃபேமிலி வண்டி’ என்றார். அதாவது, அதில் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கூடவே இரண்டு ஹெல்மெட் வாங்கினேன். இரண்டாவது, மனைவிக்கு. அவள் ஏறவில்லை.

"ஏறுறதுக்கு என்னங்க, ஏறலாம். எறங்கும்போது முழுசா எறங்கணும்ல. மொதல்ல வண்டிய ஒழுங்கா பாத்துக்கக் கத்துக்குங்க" என்றாள்.

ஆகவே அந்த இரண்டாவது ஹெல்மெட், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல், வண்டியின் பக்கவாட்டுக் கொக்கியில் தொங்கியபடி ஆறு மாதம் என்னோடு ஊர் சுற்றியது. சிக்னலில் பார்த்தவர்கள், நான் கூட வந்த யாரையோ வழியில் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கலாம்.

வண்டியைப் பார்த்துக்கொள்வதில் நான் குறை வைக்கவில்லை. எதையும் புத்தகத்தில் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். வண்டியோடு கொடுத்த கையேட்டைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்தேன். காற்று பார்த்தேன், பிரேக் பார்த்தேன், கிளட்ச் கேபிளைத் தளர்த்தி இறுக்கி, பிறகு தளர்த்தினேன். சனிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல், ஞாயிற்றுக்கிழமை செயினுக்கு. எண்ணெய் போட ஒவ்வொரு தடவையும் செயின் கவரின் ஸ்க்ரூக்களைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடாக இருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கவரையே கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். செயின் வெளியே பளபளவென்று தெரிந்தது. ரேஸ் வண்டி மாதிரி இருக்கிறதே என்றுகூட நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பைப் பற்றி இப்போது பேச விருப்பமில்லை.

பங்குனியில் மனைவியின் தம்பி அவள் ஊரிலேயே புது வீடு கட்டிக் குடி போனான். அதற்கு முதல் நாளே கிளம்பினோம். அவள் பஸ்ஸில், நான் பைக்கில். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக் காபி குடித்தோம். பிறகு அவள் என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"செயின் கவரு எங்க?"

"பரண்ல இருக்கு."

"பரணுக்கா குடுத்தான் அத?"

கையேட்டில் பரணைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கொக்கியில் தொங்கிய ஹெல்மெட்டை ஒரு தடவை பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு டவுன் பஸ் நிற்கும் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க முன்னாடி போங்க. எங்கியாச்சும் கெடந்தீங்கன்னா பஸ்ஸ நிறுத்தச் சொல்லிப் பாத்துக்கறேன்."

பங்குனி எங்கள் பக்கம் உளுந்து பிடுங்குகிற மாதம். நெல் அறுத்த வயலில் விளைந்த உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து சாலையில் பாதி அகலத்துக்குப் பரப்பிவிடுவார்கள். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதிக்க, நெற்று வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும். கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள்; எல்லோரும் செய்வார்கள். பைக்கில் போகிறவர்கள் மட்டும் விவரமாக ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

நானும் ஒதுங்கித்தான் போனேன். எதிரே ஒரு லாரி வந்தது. அதற்கு வழிவிடச் செடி மேல் ஏறினேன். ஏறியதும் பிரேக் பிடித்தேன். பின்சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஒரு நெளி நெளிந்தது. பிறகு நீள நீளமாகக் கிடந்த கொடிகள் எல்லாம் எண்ணெய்ச் செயினில் அன்போடு சுற்றிக்கொள்ள, வண்டி அப்படியே நின்றுவிட்டது. நான் விழவில்லை. விழுவதற்கான எல்லா ஏற்பாடும் இருந்தது, வேகம்தான் போதவில்லை.

சாலையை ஒட்டி ஒரு சிமெண்ட் களம். அங்கிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவளுக்கு என் வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் அரிவாள். இளையவள் அவளுடைய நாத்தனார் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"யண்ணே, எங்க ஒளுந்தையும் சேத்துக் கட்டிக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மூத்தவள். குனிந்து செயினைப் பார்த்தாள். "இது என்னண்ணே, செயினா, வடச்சட்டியா?"

கொடிகளை அரிவாளால் அறுத்து அறுத்து இழுத்தாள். நானும் இழுத்தேன். சும்மா இருக்க முடியாமல், பக்கத்திலேயே களம் இருக்கும்போது ஏன் சாலையில் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"களத்துல பஸ்ஸு வராதுண்ணே."

நியாயம்தான். களத்தில் போட்டிருந்த செடி மேல் காலையில் டிராக்டர் ஓட்டியிருந்தார்களாம். பாதியிலேயே டிராக்டரை வேறு ஊருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். செடி நொறுங்கிக் கிடந்தது, ஆனால் நடுநடுவே நெற்று வெடிக்காமல் இருந்தது. மூத்தவள் என் வண்டியையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சக்கரத்துலதான் ஒளுந்து சுத்திப் பழகிட்டீங்களே. அது மேல நாலு சுத்து சுத்திட்டுப் போங்களேன்."

"வேணாம் அண்ணி. அவுரு உளுந்து வச்சாருன்னா அவுரையும் சேத்துல்ல தூத்தணும்" என்றாள் இளையவள்.

கோபத்தில்தான் வண்டியைக் களத்தில் ஏற்றினேன் என்று நினைக்கிறேன். ஏறிய பிறகு கோபப்பட நேரமில்லை. முதல் கியர். பிரேக் பக்கமே விரல் போகக் கூடாது. அகலமாகத் திரும்ப வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது, முறுக்கக் கூடாது. சக்கரத்துக்குக் கீழே நெற்று சடசடவென்று வெடித்தது. அவர்கள் இருவரும் கோலால் செடியைப் புரட்டிப் போட்டபடி, மாடு ஓட்டுகிற தோரணையில் "ஹை, ஹை" என்றார்கள். உலக இலக்கியத்தில் பாதியைப் படித்தவன் போரடிக்கிற மாடாகிவிட்டேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் பின்னால் யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. வண்டியும் நானும் ஒரே பேச்சைப் பேசத் தொடங்கியிருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் டவுன் பஸ் வந்தது. சாலையில் கிடந்த செடிக்காக வேகம் குறைத்து ஊர்ந்தது. ஜன்னலில் என் மனைவியின் முகம்.

கையசைக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதை உடனே செய்வதுதான் என் வழக்கம். அன்று செய்யவில்லை. கை கைப்பிடியில் இருந்தது, கண் அடுத்த திருப்பத்தில் இருந்தது. பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வட்டத்தை முடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ் நின்றிருந்தது. "யம்மா, இங்க ஸ்டாப்பு இல்ல" என்று கண்டக்டர் சொல்ல, "தெரியும்பா" என்றபடி அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

களத்து ஓரத்தில் பையோடு நின்று நான் ஓட்டுவதைப் பார்த்தாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்துகிற அதே முகம்.

"ஒங்க வூட்டுக்காரராம்மா?" என்று மூத்தவள் கேட்டது காதில் விழுந்தது. "மாடு நல்லாத்தான் சுத்துது. கனந்தான் பத்தல."

என் மனைவி சிரித்தாள். எனக்குக் கை காட்டி நிறுத்தச் சொன்னாள். பையைக் களத்து ஓரத்தில் வைத்துவிட்டு நேராக வந்து, கொக்கியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து, பாலிதீன் உறையைக் கிழித்தாள். தலையில் இருந்த மல்லிகையைப் பின்னலின் அடிப்பக்கம் இறக்கிவிட்டுக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள். வார்ப்பூட்டை ‘டக்’கென்று போட்டாள். சுடிதாரில் வந்திருந்ததால் இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"போங்க. மெதுவா. இப்ப கனம் ஏறியிருக்கு."

போனேன். நாலைந்து சுற்றுக்குப் பிறகு, "அந்த எடது ஓரத்துல வெடிக்காமக் கெடக்கு பாருங்க" என்றாள். அது வண்டியைப் பற்றிய குறை அல்ல, உளுந்தைப் பற்றியது.

கிளம்பும்போது அந்தப் பெண்கள் ஒரு பையில் உளுந்து அள்ளிக் கொடுத்தார்கள். "ஒங்க கூலிண்ணே. சட்டியத்தான் கையோட வச்சிருக்கீங்களே, வட சுட்டுக்குங்க." செயினில் மிச்சமிருந்த கொடியை என் மனைவி உட்கார்ந்து பிடுங்கினாள். "ஊட்டுக்குப் போனதும் மொத வேல, கவர மாட்டுறது" என்றாள். பிறகு, "அடுத்த பஸ்ஸு எப்ப வரும்னு தெரியல" என்று வானத்திடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

சாலையில் செடி கிடந்த இடத்தையெல்லாம் எதிரே வண்டி இல்லாதபோது நிதானமாகச் சுற்றிக் கடந்தோம். புது வீட்டு வாசலில் போய் நின்றபோது அவள் தம்பி எங்களை மேலும் கீழும் பார்த்தான். இரண்டு ஹெல்மெட்டிலும் செத்தை.

"என்ன மாமா, வயலோடவா வரீங்க? ஏங்க்கா, நீ பஸ்ஸுலல்ல வரேன்ன?"

"பஸ்ஸு ரொம்ப வேகமாப் போவுதுடா. அதான் எறங்கிட்டேன்" என்றாள் என் மனைவி.

செயின் கவர் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. சிக்னல் பச்சையானதும் எல்லோரும் என்னைத் தாண்டிப் பறக்கும்போது எனக்குக் குறையாகத் தோன்றுவதே இல்லை. வண்டிக்கு எத்தனையோ வேகம் இருக்கலாம், எனக்குத் தெரிந்த நல்ல வேகம் ஒன்றுதான், ஒருத்தி ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து நம்பிப் பின்னால் உட்கார்ந்த அந்தக் களத்து வேகம்.