கிளறிற்றா ஓட்டிய முதல் பஸ்

மன்னார்ப் பக்கம் பேசாலையில் பிறந்த கிளறிற்றா லண்டனுக்கு வந்து பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன. அதில் முக்கால்வாசிக் காலம் வெம்பிளியில் ஒரே வீட்டின் மேல்மாடிப் பின்னறையில் கழிந்தது. அந்த வீட்டில் மொத்தம் மூன்று குடும்பங்கள். ஒரு குசினி. காலை ஆறரையிலிருந்து ஏழேகால் வரை அடுப்பு ஒருவருக்கு, அதற்குப் பிறகு இன்னொருவருக்கு என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அறைக்குள் மேசை வைக்க இடமில்லாததால் மகள் ஏஞ்சலா மாடிப்படியில் உட்கார்ந்துதான் படிப்பாள். யாராவது ஏறினால் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து வழிவிடுவாள்.

கிளறிற்றா விடிய ஐந்து மணிக்கு அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவாள். ஒன்பது வருடம் அதே வேலை, அதே தெரு, நடைதான். சனி ஞாயிறுகளில் ஒரு சாப்பாட்டுக் கடையின் வானை ஓட்டிக்கொண்டு மண்டபங்களுக்குப் பிறந்தநாள் சாப்பாடும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுச் சாப்பாடும் கொண்டுபோய் இறக்குவாள். வானில் ஏறியதும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். இரண்டு பக்கமும் கார்கள் நெருக்கி நிற்கும் தெருக்களில், கறிச் சட்டி தளம்பாமல், கண்ணாடி உரசாமல் அந்த வானைக் கொண்டுபோவதில் அவளுக்குத் தனி ருசி இருந்தது.

ஒரு மாசி மாதம் சிக்னலில் நின்றபோது முன்னால் ஒரு பஸ். அதன் முதுகில் பெரிய எழுத்தில் ஒரு விளம்பரம்: சாரதிகள் தேவை, பயிற்சி நாங்களே தருவோம். பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் கிளறிற்றா அதை வாசித்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்தவர்கள் ஹோர்ன் அடித்த பிறகுதான் வானை எடுத்தாள். அன்று முழுக்க அந்த வரியையே மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கணவன் ஜெஸ்ரின் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்பவன், எதையும் யோசித்துப் பேசுகிறவன். பஸ் ஓட்டப் போகிறேன் என்று அவள் சொன்னதைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஓட்டுறது உமக்கு ஒரு விசயமில்லை. சனத்தோட இங்கிலீசில கதைக்க வேணுமே, அதுதான் யோசிக்கிறன்," என்றான்.

"எனக்குக் கதைக்கத் தெரியாமல் இல்லை. கதைக்கக் கூச்சம். அது வேற, இது வேற," என்றாள் கிளறிற்றா.

அவள் சொன்னது உண்மை. ஆளில்லாத அலுவலகங்களில் வேலை செய்தால் வாய் திறக்கத் தேவையில்லை. பாடசாலையில் பெற்றோர் கூட்டம் என்றால் ஏஞ்சலாதான் பேசுவாள், இவள் தலையாட்டுவாள். பதினாறு வருடமாக அப்படித்தான் சமாளித்து வந்திருந்தாள்.

விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அவள் பேசியது மொத்தம் இருபது வசனம் இருக்கும். ஆனால் வாகனத்தைப் பற்றிக் கேட்டபோது கண் பளிச்சிட்டதைக் கண்டோ என்னவோ எடுத்துக்கொண்டார்கள். எழுத்துப் பரீட்சைக்கு அவள் படித்த இடம் பஸ்தான். வேலை முடிந்ததும் நடந்து வராமல் பஸ் ஏறி, மேல்தட்டில் முன் இருக்கையைப் பிடித்துவிடுவாள். மடியில் கேள்விப் புத்தகம் இருக்கும். கண் தெருவில் இருக்கும். கீழே சாரதி பிரேக் போடும்போது இவளுடைய வலது காலும் அழுந்தும்.

பயிற்சி தந்தவர் டெஸ்மண்ட் என்ற ஜமேக்காக்காரர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். முதல் தடவை ஓட்டப் பரீட்சையில் அவள் தவறிவிட்டாள். திருப்பத்தில் பின்சில்லு நடைபாதை விளிம்பில் ஏறிவிட்டது. அன்று அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அதே திருப்பத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பதினொரு தடவை திருப்ப வைத்தார். பதினோராவது தடவை விளிம்புக்கும் சில்லுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு அவள் திருப்பியபோது அவரே கைதட்டினார். மூன்று வாரம் கழித்து அவள் தேறினாள்.

தனியாக ஓட்டும் முதல் நாளாக வாய்த்தது ஒரு சனிக்கிழமை. ஹாரோவிலிருந்து வெம்பிளி வழியாக ஈலிங் போகும் தடம். அன்று வெம்பிளி மைதானத்தில் பெரிய பந்தாட்டம் என்பது காலையில் வேலைக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்துச் சாரதி ஒருத்தன், முதல் நாளே உனக்கு இதுவா என்று பரிதாபப்பட்டான். கிளறிற்றாவுக்குப் பரிதாபமாகவே தோன்றவில்லை. இருக்கையின் உயரத்தைச் சரிபார்த்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு பத்துக்குக் கதவை மூடிப் புறப்பட்டபோது பாட வேண்டும்போல இருந்தது.

வழிநெடுக நீலச் சட்டைக்காரர்கள் ஏறினார்கள். தகப்பன்மார், பிள்ளைகள், முகத்தில் நீலம் பூசிய பெண்கள். மேல்தட்டு நிறைந்து கீழேயும் நிற்க இடமில்லாமல் போயிற்று. வெம்பிளியை நெருங்கியபோது தெருவே தெரியவில்லை. நடைபாதையில் அடங்காத சனம் நடுத்தெருவில் நடந்தது. சந்தியில் குறுக்கே தடுப்புப் போட்டிருந்தார்கள். மஞ்சள் அங்கி போட்ட ஒரு இளைஞன் எல்லா வாகனங்களையும் இடது பக்கம் திரும்பச் சொல்லிக் கை காட்டிக்கொண்டு நின்றான். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. பஸ்ஸுக்கும் அதே கைதான்.

கிளறிற்றா திருப்பவில்லை. பிரேக்கைப் போட்டு அபாய விளக்கைத் தட்டினாள்.

அந்த இடதுபக்கத் தெரு அவள் ஒன்பது வருடம் விடியற்காலையில் நடந்த தெரு. அதன் கடைசியில் ஒரு ரயில் பாலம் உண்டு. பாலத்தின் நெற்றியில் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை, அதன் நடுவில் பதின்மூன்று அடி என்று ஒரு வட்டப் பலகை. மழை நாட்களில் அதன் கீழே ஒதுங்கி நிற்கும்போது அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். அவளுடைய பஸ்ஸின் உயரமோ பதினாலடிக்கு மேல். அதை எழுதிய தாள் கண் முன்னால் ஒட்டியிருந்தது. மேல்தட்டில் நாற்பது பேர்.

பின்னால் ஹோர்ன் பிய்த்துக்கொண்டு அடித்தது. இளைஞன் எரிச்சலோடு ஓடிவந்து கண்ணாடியில் தட்டினான். அவள் கண்ணாடியை இறக்கி, இது இரட்டைத்தட்டு, அந்தப் பாலத்துக்குள் போகாது, நான் திரும்ப மாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லாரும் போகிறார்கள், நீயும் போ என்றான் அவன். அவள் அதையே இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை தெரு முழுக்கக் கேட்டது. அவன் நிமிர்ந்து பஸ்ஸை மேலே வரைக்கும் பார்த்தான்.  மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கினான்.

பஸ்ஸிலிருந்த இருவழி வானொலியில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். பாலத்தின் உயரம் உறுதியாகத் தெரியுமா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். ஒன்பது வருடம் அதன் கீழே நடந்திருக்கிறேன் என்றாள் கிளறிற்றா. ஒரு நிமிடம் கழித்துப் பதில் வந்தது: நீ சொன்னது சரி, அசையாதே, பொலிசோடு பேசுகிறோம்.

பயணிகள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். பயிற்சியில் மைக்கை அவள் ஒரே ஒரு தடவைதான் தொட்டிருந்தாள். அன்று குரலே எழும்பவில்லை. இப்போது எடுத்தாள். என் பெயர் கிளறிற்றா, நான்தான் உங்கள் சாரதி, இது தனியாக ஓட்டும் என் முதல் நாள், எங்களைத் திருப்பிவிடும் தெருவில் ஒரு தாழ்ந்த பாலம் இருக்கிறது, உங்கள் தலைகள் எனக்கு முழுசாக வேண்டும், அதனால்தான் நிற்கிறேன் என்றாள். தன்னுடைய குரல் இரண்டு தட்டிலும் முழங்கியதைக் கேட்டு அவளே திகைத்தாள்.  பிறகு மேல்தட்டு அதிர்ந்தது. காலால் தரையில் தாளம் போட்டு, தங்கள் அணிக்குப் பாடும் பாட்டின் மெட்டில் அவள் பெயரை வைத்துப் பாடத் தொடங்கினார்கள். "கிளாரிட்டா" என்று பெயர் கொஞ்சம் மாறித்தான் வந்தது. பரவாயில்லை.

மோட்டார் சைக்கிளில் ஒரு பொலிஸ்காரர் வந்து தடுப்பை விலக்கினார். அவர் முன்னால் உருள, பின்னால் கிளறிற்றாவின் பஸ் நடைவேகத்தில் நேராக அந்த நீலக் கடலுக்குள் இறங்கியது. சனம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. உள்ளே பாடியதைக் கேட்டு வெளியிலும் பாடினார்கள். முன்கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளிக் குழந்தைகள் கையசைத்தார்கள். கிளறிற்றா ஸ்ரேரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ஜெஸ்ரினும் ஏஞ்சலாவும் அவளுக்குச் சொல்லாமலே வெம்பிளி பஸ் தரிப்பிடத்தில் முக்கால் மணி நேரமாகக் காத்திருந்தார்கள். தரிப்பிடத்தை மூடிவிட்டார்கள் என்று அறிந்து ஏமாற்றத்தோடு திரும்ப இருந்த நேரத்தில்தான் ஊரே ஒரு பெயரைப் பாடிக்கொண்டு வருவதைக் கேட்டார்கள். முதலில் ஜெஸ்ரினுக்கு விளங்கவில்லை. ஏஞ்சலாதான் அவன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, அது எங்கட அம்மா."

ஜெஸ்ரின் படம் பிடிக்கக் கொண்டுவந்த தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பிடிக்க மறந்துபோனான். பஸ் கடக்கும்போது கிளறிற்றா அவர்களைக் கண்டாள். கையை எடுக்கக் கூடாது என்பதால் தலையை மட்டும் ஆட்டினாள்.

நாற்பது நிமிடம் பிந்தி ஈலிங் போய்ச் சேர்ந்தாள். மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்கப்போகிறார் என்று அவள் நினைத்திருக்க, திங்கட்கிழமை டெஸ்மண்ட்தான் வந்தார். புதுப் பயிற்சிக்காரர் எட்டுப் பேர் முன்னால் அவளை நிறுத்தி, நடந்ததை அவள் வாயாலேயே சொல்லச் சொன்னார். அவளும் சொன்னாள். கூச்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அவள் மூன்று தடங்கள் ஓட்டுகிறாள். பாடசாலைக் கூட்டத்தில் அவளே பேசுகிறாள், சில வேளை ஏஞ்சலா போதும் என்று காலை மிதிக்குமளவுக்குப் பேசுகிறாள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் நேரத்தில் பெண்கள் அவளைச் சுற்றிக்கொள்கிறார்கள். வீட்டின் கீழறையில் இருக்கும் சிவமலர் எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். அவளுக்கு ஓட்டப் பரீட்சை வரும் வியாழக்கிழமை. அன்று கிளறிற்றா லீவு போட்டிருக்கிறாள், கூடப் போய் வாசலில் நிற்பதற்காக.