டிரிப்ஸ் சக்கரம்

என் கணவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தவர். எந்தத் திருகைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. ஒருமுறை காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நான் டீ வாங்கப் போன நேரத்தில், “இப்டி சொட்டுச் சொட்டா எறங்குனா எப்போ ஊட்டுக்குப் போறது?” என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் அலுத்துக்கொண்டு, டியூபிலிருந்த சக்கரத்தை முழுக்கத் திறந்துவிட்டாராம்.

நான் திரும்பியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சிஸ்டர் ஓடிவந்து சக்கரத்தை மூடி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார்.

“ஒரேயடியா ஏறுனா உங்க இருதயம் தாங்காது ஐயா.”

மூச்சு சீரானதும் இவர் சொன்னார்: “வால்வு லூசா கீது சிஸ்டர், மாத்தச் சொல்லுங்க.”

இப்போது ஆஸ்பத்திரியில் யாருக்குத் துணையிருந்தாலும் அந்தச் சக்கரத்தின் பக்கமே நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன். வீட்டுக் குழாய் சொட்டும்போதுதான் அவர் இல்லாதது உறைக்கிறது.