என்னை ஏலம் விடாத திருவிழா

திசையன்விளைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். கழுத்தில் பங்குச் சாமியார் காலையில் போட்டுவிட்ட சம்பங்கி மாலை, சட்டைப் பையில் பொரிகடலை. பதினொரு வயது. வீட்டைவிட்டுப் போகிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. எது என் வீடு என்பதே அன்று தீராமல் போய்விட்டது என்றுதான் தோன்றியது.

எங்களுடையது உவரிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். கைப்பிள்ளையில் எனக்கு ஜன்னி கண்டபோது, பிழைத்தால் அந்தோணியாருக்கு விற்று வாங்குகிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கம் அது வழக்கம். திருவிழாப் பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் நேர்ச்சைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். தேங்காய், சேவல், கிடாய், கடைசியில் பிள்ளைகள். பிள்ளையைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்தி உபதேசியார் கூவுவார். மாமன்மார் வேண்டுமென்றே விலையை ஏற்றுவார்கள். தாய்க்காரி விடாமல் மேலே கேட்டு, பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். பணம் கோயிலுக்கு.

அப்பா இல்லை. மீன் கூடையோடு விடியுமுன் போய் வெயிலில் திரும்புகிற அம்மாவுக்கு என்னைக் கொஞ்சுவதற்கு நேரமும் இல்லை, வழக்கமும் இல்லை. கையில் பணம் சேரட்டும் என்று என் நேர்ச்சை வருஷாவருஷம் தள்ளிப்போனது. அவள் அத்தனை கூட்டத்தில் எனக்காகச் சத்தம் போடுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பணம் சேர்ந்த வருஷம், புதிதாக வந்திருந்த சாமியார் பிரசங்கத்தில் ஏலத்தை நிறுத்திவிட்டார். ஆண்டவர் வீடு சந்தையல்ல, கொடுப்பதை உண்டியலில் போடுங்கள் என்றார். பூசை முடிந்ததும் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது.

"ஏலம் இல்லன்னா ஊருக்கே போடுற அசனச் சோத்துக்கு யாரு குடுப்பா சாமி?" என்றார் படகு வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர்.

"போன வருசம் நீங்க ஏத்திவிட்டதுல ஒரு அம்மா கம்மலக் கழத்திக் குடுத்துல்லா பிள்ளைய வாங்குனாவளாம்? அது காணிக்கையா அண்ணாச்சி?"

"அது வெளாட்டுக்கு ஏத்துனது சாமி," என்று அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

என் தாய்மாமா என்னைத் தூக்கிக் காட்டினார். "இந்தப் பயல எப்படி சாமி உண்டியல்ல போட? தலையே நொழையாதே!"

சாமியாரும் சிரித்துவிட்டார். இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. அம்மா முந்தானையில் முடிந்திருந்ததை உண்டியலில் போட்டாள். அவர் எனக்கு மாலை போட்டு ஜெபித்தார். நேர்ச்சை முடிந்தது என்றார்கள். சத்தமே இல்லாமல் முடிகிற காரியமா அது?

வீட்டில் அம்மா விருந்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என்னைய யாரும்மா வாங்குனா?"

"ஒன்னைய யாருலே வாங்குவா? அந்தோணியாரே வச்சுக்கிடட்டும்," என்றாள், தலை நிமிராமல்.

மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் வெளியே வந்து நடந்தேன்.

திசையன்விளையில் ஒரு கருவாட்டு வண்டி, மூட்டை இறக்க ஆள் வேண்டுமென்று ஏற்றிக்கொண்டது. முக்கூடலில் மூட்டைகளோடு என்னையும் இறக்கிவிட்டார்கள். ஆற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படித்துறையிலேயே படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. மீன் சந்தையிலோ வாழைத்தார் மண்டியிலோ ஏலக் குரல் கேட்டால் இன்றும் கால் நின்றுவிடுகிறது. அம்மா கேட்டிருந்தால் அவள் குரல் எப்படி எழும்பியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். வெங்காயம் உரித்தபடி சொன்ன குரல்தான் வருகிறது.

படித்துறையில் படுத்த அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் வேலை கேட்டேன்.

"அப்பன் ஆத்தா எங்கன இருக்காவ?" என்றார் முதலாளி.

"யாரும் இல்ல."

"சம்பளம்னு கேட்டு யாரும் வருவாவளாலே?"

"வரமாட்டாவ."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இலை போட்டு நான்கு இட்லி வைத்து, தன் கையாலேயே சாம்பார் ஊற்றினார். தின்று முடித்ததும் எச்சில் இலை அள்ளும் வாளியைக் காட்டினார். யாருமில்லை என்றதும் ஒரு மனிதர் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று விளங்காமலே வாளியைத் தூக்கினேன்.